கயிறும் மூக்குத்தியும்

திருவண்ணாமலையை வலம் வருவோர்க்கு மலையின் மேற்கே ஓர் ஊர் எதிர்ப்படும். அடி அண்ணாமலை என்பது அதன் பெயர். மலையின் அடியில் கிடக்கும் ஊர்க்கு அடி அண்ணாமலை எனப் பெயரிட்டவன் எளிய தமிழன். அவனுக்கு வடமொழியின் துணை தேவைப்படவில்லை. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் வாயாரப் பாடிய பெயரும் அண்ணாமலைதான். ஆயினும் என்ன? மலை அருணாசலம் ஆயிற்று. அவ்வூர்க் கோயில் இன்று ஆதி அருணாசலேசுவரர் கோயில் என்று வழங்குகிறது. காலடியைக் குறித்த நல்ல தமிழ்ச்சொல் இருக்கும் இடத்திலேயே, அதனோடு ஒலியொத்த வேற்றுச்சொல் ஒன்று வந்து அமர்ந்துகொண்டது. ஓர் அடையாளம் எவ்வாறு மாற்றிக் கட்டப்படுகிறது என்பதை அறிய விரும்புவோர் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அவ்வூரின் பெயர்ப்பலகையைப் படித்தாலே போதும்.

முழுநிலா நாளில் 14 கிலோமீட்டர் நீளும் அம்மலைவழியில் நூறாயிரக் கணக்கான மக்கள் நடக்கின்றனர். வழியோரக் கடைகளில் உருத்திராக்க மாலைகளும், கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமான கைக்கயிறுகளும் தொங்குகின்றன. கயிறு வாங்குவோனை நோக்கி, "நீ எந்தச் சாதி?" என்று எந்தக் கடைக்காரரும் கேட்பதில்லை. கேட்டால் கடை ஓடாது! ஆனால் அதே கயிறு தென்மாவட்டத்துப் பள்ளி மாணவனின் மணிக்கட்டில் ஏறும்போது, எவரும் கேளாமலேயே அக்கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கிவிடுகிறது. இந்நிறம் இந்தத் தெரு. அந்நிறம் அந்தத் தெரு. இன்னான் அருகில் அமரலாம். இன்னான் அருகில் அமரலாகாது. பாடநூலில் தீண்டாமை பெருங்குற்றம் என்று அச்சிட்டிருக்க, அப்பாடநூலைப் புரட்டும் கையிலேயே தீண்டாமை முடிச்சிட்டுக் கிடக்கிறது.

இச்செய்தி அரசுக்குத் தெரியாததன்று. 2019 சூலை 31 நாளிட்டுப் பள்ளிக் கல்வி இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். இந்திய ஆட்சிப் பணிக்குப் பயிற்சி பெற்றுவந்த இளம் அலுவலர்கள் தந்த குறிப்பே அதற்கு அடிப்படை. சில பள்ளிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை, காவி எனச் சாதிக்கொரு நிறத்தில் மாணவர் கயிறு கட்டுகின்றனர். மோதிரமும் நெற்றிக்குறியும் அவ்வாறே பயன்படுகின்றன. விளையாட்டுக்கு ஆளெடுப்பதும் உணவு வேளையில் ஒன்றுகூடுவதும் அந்நிறங்களின் வழியே நடக்கின்றன என்று அது கூறிற்று. அத்தகைய பள்ளிகளைக் கண்டறிந்து அவ்வழக்கத்தை நிறுத்துமாறும் பணித்தது. நல்லறிவுடைய எவரும் கைகூப்பி வரவேற்க வேண்டிய ஆணை அது. நடந்தது என்ன? பாரதிய சனதா கட்சியின் தலைவர்களுள் ஒருவரான எச். இராசா, கயிறு கட்டுவதும் பொட்டிடுவதும் இந்து சமய வழக்கங்கள் என்றும், அவற்றைத் தடுப்பது இந்துக்களுக்கு எதிரான செயல் என்றும் கூக்குரலிட்டார். அன்றைய கல்வி அமைச்சர் செங்கோட்டையன், சுற்றறிக்கை தமக்குத் தெரியாமல் வெளிவந்தது என்றும், பழைய நிலையே தொடரும் என்றும் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஒரே ஒரு கூச்சல்! அதற்கே ஓர் அரசின் முதுகெலும்பு வளைந்துவிட்டது.

பழைய நிலை தொடர்ந்தது. 2022 ஏப்பிரலில் நெல்லை மாவட்டத்து அரசு மேனிலைப் பள்ளியொன்றில் மாணவர் கைக்கயிற்றை முன்னிட்டு மோதிக்கொண்டதில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் உயிரிழந்தான். 2023 ஆகத்து 9 இரவு, நாங்குனேரியில் ஒடுக்கப்பட்ட குடியைச் சேர்ந்த மேனிலை மாணவன் ஒருவனை, அவனோடு ஒரே பள்ளியில் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். அவன் செய்த குற்றம், தன்னை அவர்கள் பள்ளியில் படுத்திய பாட்டை ஆசிரியரிடம் எடுத்துச் சொன்னதுதான். அச்சிறுவன் பிழைத்தான், அடுத்த ஆண்டே மேனிலைப் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறினான். வெட்டுண்ட பின்னும் படித்துத் தேறிய அம்மாணவனுக்குத் தமிழ்நாடு என்ன மறுமொழி சொல்லப் போகிறது?

அவ்வெட்டுக்குப் பின்னரே அரசு, உயர் முறைமன்றத்து ஓய்வுபெற்ற நடுவர் கே. சந்துருவை ஒருவர் குழுவாக அமர்த்தியது. 2024 சூன் 18 அன்று அவர் 610 பக்க அறிக்கையை முதலமைச்சரிடம் அளித்தார். கைக்கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றை மாணவர் அணிந்து வருதலைத் தடுக்க வேண்டும். பள்ளிகளின் பெயரில் ஒட்டியிருக்கும் சாதிப் பெயர்களை நீக்க வேண்டும். வகுப்பில் அகரவரிசைப்படி மாணவரை அமர்த்த வேண்டும். வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு எதுவும் இருத்தல் கூடாது. ஓரிடத்தில் பெரும்பான்மையாக வாழும் சாதியைச் சார்ந்தவரை அவ்விடத்துப் பள்ளிக்குத் தலைமையாசிரியராக அமர்த்துதல் கூடாது என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. உடனே பழைய கூச்சல் மீண்டும் எழுந்தது. சென்னை மாமன்றத்தில் பாரதிய சனதா கட்சி உறுப்பினர் ஒருவர், கூட்டத்தின் நடுவிலேயே அறிக்கையின் படியைக் கிழித்தெறிந்தார். அறுநூறு பக்கங்களைப் படிப்பதினும் கிழிப்பது எளிது போலும்!

இக்கூச்சலின் உட்பொருளை ஊன்றிப் பார்த்தல் வேண்டும். சாதிக்குத் தனித்து நின்று வாதாட இன்று வாய் இல்லை. "எம் சாதி உயர்ந்தது; ஆகவே கயிறு கட்டுவோம்" என்று எவனும் மன்றத்தில் எழுந்து பேச முடியாது. ஆகலின் அது சமயத்தின் போர்வைக்குள் புகுந்துகொள்கிறது. போர்வையைத் தொட்டால் "சமயத்தின்மேல் கை வைத்தான்" என்னும் ஓலம் கேட்கிறது. இந்த வழி புதியதன்று. சாதிக்கொரு கயிறு என்னும் கருத்து நெல்லைச் சிறுவர்களின் மூளையில் முளைத்ததா, என்ன? பிறப்பினால் தான் வேறு என்று காட்டத் தோளில் நூல் பூட்டிக்கொண்ட கூட்டம் ஒன்று முன்பே இருந்தது. அதற்குச் சமயச் சடங்கு என்று பெயரும் இருந்தது. மேலே இருந்தவன் தோளில் அணிந்ததை, அவனுக்குக் கீழே தள்ளப்பட்டவன் தனக்கும் கீழ் ஒருவன் வேண்டும் என்று எண்ணி மணிக்கட்டில் அணிகிறான். நூல் பருத்துக் கயிறாயிற்று, வேறொன்றும் ஆகவில்லை. கயிற்றைக் கழற்றச் சொல்லும் துணிவுடைய அரசு, சட்டைக்குள் மறைந்திருக்கும் நூலைப் பற்றியும் ஒருநாள் வாய் திறந்தாக வேண்டும்.

இவ்விடத்தில் நேர்மையான ஓர் ஐயம் எழும். குறிகளை எல்லாம் களைக என்று கிளம்பினால், தாய் மகளுக்கு அணிவிக்கும் தோடும் மூக்குத்தியும், இசுலாமியப் பெண்ணின் தலைமுக்காடும், சீக்கியச் சிறுவனின் தலைப்பாகையும் அந்தக் குப்பையோடு குப்பையாய்ப் போக வேண்டியதுதானா? பிரான்சு நாடு 2004-இல் இயற்றிய சட்டம் அவ்வாறுதான் செய்தது. அரசுப் பள்ளியில் பளிச்செனப் புலப்படும் சமயக் குறி எதுவும் கூடாது என்றது. அச்சட்டத்தால் தலைப்பாகை களைய மறுத்த சீக்கிய மாணவரும், முக்காடு களைய மறுத்த இசுலாமிய மாணவியரும் பள்ளியை இழந்தனர். யாரும் பெரிதாய் அணிந்து வராத சமயத்தவர்க்கு ஓர் இழப்பும் இல்லை. எல்லார்க்கும் ஒரே சட்டம் என்று அதனைச் சொன்னார்கள்!

இதற்கு விடை தேடத் தமிழர் தம் உறவினர் வாழும் நாடொன்றையே நோக்கலாம். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட மக்கள் அதில் இருந்தனர். 1911 வரை அவ்வாறு சென்றோர் ஒன்றரை நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். நான்கைந்து தலைமுறைகளில் அங்கே தமிழ்மொழி வீட்டிலிருந்து பெரிதும் மறைந்தது. ஆங்கிலமே அடுப்படி வரை நுழைந்தது. மொழி போன பின்னும் அக்குடும்பங்களில் எஞ்சியவை சில. அவற்றுள் ஒன்று மூக்குத்தி.

2004 செபுதம்பர் விடுமுறையில் தர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி மாணவி ஒருத்தி மூக்குக் குத்திக்கொண்டாள். தென்னிந்தியத் தமிழ் மரபில் வந்த குடும்பம் அது. பெண் பருவமெய்தியதை மதித்து மூக்குத்தி அணிவிப்பதும், அவளது பதினாறாம் அகவையில் பாட்டி அப்பொன் மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி பூட்டுவதும் அக்குடும்பத்து வழக்கம். பள்ளியோ நெடுங்காலம் வெள்ளையர்க்கே உரியதாய் இருந்தது. அதன் உடை விதிகளில் காதுக்கு ஒரு சிறு தோடு உண்டு; கைக்கடிகாரம் உண்டு; மூக்குத்திக்கு இடமில்லை. தாய் விளக்கம் எழுதினார். பள்ளி ஆட்சிக்குழு ஏற்கவில்லை. வழக்கு மன்றமேறியது. 2005-இல் முதல் மன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. 2006-இல் பீட்டர்மாரிட்சுபர்க்கு உயர் முறைமன்றம் பெண்ணின் பக்கம் நின்றது. 2007 அத்தோபர் 5 அன்று அந்நாட்டின் அரசமைப்பு முறைமன்றம், பள்ளி செய்தது நயனற்ற வேறுபாடு என்று முடிவு கூறியது. அதற்குள் அப்பெண் பள்ளியை விட்டே சென்றிருந்தாள். வழக்கு மட்டும் 'பிள்ளை வழக்கு' என்று நிலைத்துவிட்டது. (பிள்ளை என்னும் சாதிப் பட்டம் கடல் கடந்து வெறுங் குடும்பப் பெயராய் நீர்த்துப் போனதும், அதே பட்டம் இங்கே இன்னும் சுவரொட்டியில் கொழுத்து நிற்பதும் தனியே எண்ணத் தக்கவை.)

அத்தீர்ப்பில் தலைமை நடுவர் இலாங்கா எழுதியவற்றுள் இரண்டு கருத்துகள் தமிழர்க்கு மிகவும் வேண்டியவை. பள்ளியின் விதி எல்லார்க்கும் பொதுவானது போலத் தோன்றினும் அது பொதுவானதன்று என்பது முதலாவது. காதைத் துளைப்பதும் துளைப்புத்தான்; மூக்கைத் துளைப்பதும் துளைப்புத்தான். ஒன்றை ஒப்பி மற்றொன்றைத் தள்ளுவதன் கரணியம், முன்னது ஆளுவோரின் வழக்கம், பின்னது ஒதுக்கப்பட்டோரின் வழக்கம் என்பதே. இரண்டாவது இன்னும் நுட்பமானது. மூக்குத்தி சமயக் கட்டளையன்று என்பதை அக்குடும்பமே ஒப்புக்கொண்டது. எந்த நூலும் அதனை அணிக என்று விதிக்கவில்லை. ஆயினும், கட்டாயமல்லாத வழக்கமும், உள்ளன்போடு பேணப்படுமாயின், காக்கத் தக்கதே என்று அம்மன்றம் கூறியது. இன்று மூக்குத்தியை விட்டால் நாளை என்னென்னவோ வரும் என்று பள்ளி அச்சம் காட்டியபோது, பல்வகை மக்களின் வழக்கங்கள் பள்ளிக்குள் வருதல் வளமே என்று விடையிறுத்தது.

இவ்வழக்கு தர்பனில் நடவாமல் தில்லியில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1954-ஆம் ஆண்டுச் சிரூர் மடத்து வழக்கிலிருந்து இந்திய மன்றங்கள் வளர்த்துக்கொண்ட அளவுகோல் ஒன்று உண்டு. ஒரு வழக்கம் அச்சமயத்துக்கு இன்றியமையாததா என்பதே அக்கேள்வி. விடை தேட நடுவர்கள் மறைநூல்களைப் புரட்டுகின்றனர். கருநாடகத்தில் உடுப்பி அரசுக் கல்லூரியில் தொடங்கிய முக்காட்டு வழக்கில் அதுதான் நடந்தது. 2022 பிப்பிரவரி 5 அன்று அம்மாநில அரசு உடை பற்றிய ஆணை பிறப்பித்தது. மார்ச்சு 15 அன்று உயர் முறைமன்றம், முக்காடு இசுலாத்துக்கு இன்றியமையாததன்று என்று கூறி அவ்வாணையை நிலைநிறுத்தியது. அத்தோபர் 13 அன்று உச்ச முறைமன்றத்து நடுவர் இருவர் இரு வேறு தீர்ப்பு எழுதினர். நடுவர் துலியா, ஒரு பெண்ணின் படிப்பே தம் எண்ணத்தில் முதன்மையாய் நின்றது என்று எழுதியது குறிப்பிடத் தக்கது. இவ்வளவும் நடந்துகொண்டிருந்த நாள்களில், முக்காட்டுக்கு எதிராகக் கல்லூரி மாணவர்க்குக் காவித் துண்டுகள் கட்டுக் கட்டாய் வந்திறங்கியதை நாடே பார்த்தது. அத்துண்டு எந்த மறைநூலில் விதிக்கப்பட்டதோ!

மறைநூலைக் கேட்கும் இந்த அளவுகோல் தமிழனைத்தான் முதலில் வெட்டும். ஐயனாருக்கு எந்த நூல் இருக்கிறது? குலதெய்வக் கோயிலில் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காது குத்துவதற்கு எந்த மறை விதித்தது? மூக்குத்தியோ பழந்தமிழ் நூல்கள் விரித்துரைக்கும் அணிகளுள் ஒன்றுமன்று. பிற்காலத்து அணி என்றே ஆராய்ச்சியாளர் பலரும் கூறுவர். நூலைக் காட்டு என்றால் தமிழன் வெறுங்கையோடு நிற்பான். வடமொழிச் சுவடியை நீட்டுபவன் வென்று போவான். அதனால்தான் சாதிக்கயிற்றுக்குச் சமய விளக்கம் எழுதித் தர இத்தனை பேர் முந்துகின்றனர். நூலுடையவன் வழக்கம் சமயம் ஆகிறது. நூலற்றவன் வழக்கம் மூடப்பழக்கம் ஆகிறது.

ஆகவே பள்ளிவாயிலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இக்குறி எந்த நூலில் உள்ளது என்பதன்று; இக்குறி அருகில் அமரும் பிள்ளையை என்ன செய்கிறது என்பதே அக்கேள்வி. மூக்குத்தி அடுத்தவளைத் தாழ்த்துவதில்லை. முக்காடு அணிந்தவள் எதிரிலிருப்பவளைக் கீழானவள் என்று சொல்வதில்லை. சாதிக்கயிறு சொல்கிறது, அதைச் சொல்வதற்காகவே அது கட்டப்படுகிறது. ஒன்றைக் காப்பதும் மற்றொன்றை அறுப்பதும் முரணன்று. இரண்டும் ஒரே அறத்தின் இரு செயல்கள்.

அண்ணாமலைக் கயிறு என்ன ஆவது என்று கேட்பார் உண்டு. மலைசுற்றி வந்த சிறுவன் கட்டிவரும் கயிற்றில் சாதி இல்லை என்பது மெய்தான். ஆனால் சாதிக்கயிறு பிடிபடும் போதெல்லாம் தன்னைக் கோயிற்கயிறு என்றே சொல்லித் தப்புகிறது. அந்த ஒளிவிடம் அடைபடும்வரை, பள்ளி நேரத்தில் கோயிற்கயிறும் வீட்டில் இருப்பதே நன்று. ஒரு பகற்பொழுது கயிறின்றி இருப்பதால் அண்ணாமலையான் சினங்கொள்ளப் போவதில்லை. நெற்றிக்குறியைப் பொறுத்தவரை அறிக்கையின் சொற்கள் சற்றே அகன்றுவிட்டன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எல்லாத் தெருவினரும் பூசும் திருநீற்றில் சாதி தெரிவதில்லை. பெண்பிள்ளையின் பொட்டிலும் தெரிவதில்லை. ஒரு சாதியைக் காட்டவே தீட்டப்படும் குறி எது என்பது அந்தந்த ஊர் ஆசிரியர்க்கு நன்றாகவே தெரியும். ஆணையில் அவ்வேறுபாட்டை எழுதிவிட்டால், இந்து சமயத்துக்கு இழுக்கு என்று கூவுவோரின் வாயில் பாதி தானே மூடிக்கொள்ளும்.

சாதிச் சிக்கல் தென்மாவட்டத்து நோய் என்று திருவண்ணாமலையார் தம்மைத் தேற்றிக்கொள்ளவும் இடமில்லை. இதே மாவட்டத்துத் தென்முடியனூரில், ஒடுக்கப்பட்ட மக்கள் தம் ஊர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைக்க 2023 சனவரி 30 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றும் மாவட்ட ஆட்சியரும் காவல்துறையும் முன்னின்று அழைத்துச் சென்றனர். கோயிலில் அவர்களை மறித்த தெருவும், மறிக்கப்பட்ட தெருவும் தம் பிள்ளைகளை அனுப்புவது பள்ளிக்கூடத்துக்குத்தான். பிள்ளைகள் வீட்டில் கேட்டதை மறந்து அடுத்தடுத்து அமரக்கூடிய ஒரே இடம் அது.

உடை விதியைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளைத் தொடாமல் விடுதல் தகாது. பூச்சூடாதே, வளையலணியாதே, கொலுசு ஒலிக்கக் கூடாது என்று பெண்பிள்ளைகளுக்கு நீண்ட பட்டியல் நீட்டும் பள்ளிகள், சித்திரை வெயிலில் ஐந்து அகவைக் குழந்தையின் கழுத்தைப் பட்டையால் இறுக்கி, காலில் தோற்புதையடி மாட்டி அனுப்புகின்றன. அக்கழுத்துப்பட்டை குளிர்நாட்டு வெள்ளையனின் குறி. அதற்கு மட்டும் ஒழுங்கு என்று பெயர்! தாயின் பூ ஒழுங்கின்மை. துரையின் பட்டை ஒழுங்கு. தர்பன் தீர்ப்பு சுட்டிய பொதுமையல்லாப் பொதுவிதி இதுவன்றி வேறெது?

பள்ளி தொடங்கும் சூன் திங்களில் இயக்கத் தோழர்கள் தத்தம் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுதல் வேண்டும். பெற்றோர்க்கு அங்கே இடமும் குரலும் உண்டு. சந்துரு அறிக்கையின் பரிந்துரைகளை அங்கே உரக்கப் படித்துக் காட்டுக. வருகைப் பதிவேட்டில் சாதிக் குறிப்பு இருக்கிறதா, மாணவர் அகரவரிசையில் அமர்த்தப்படுகின்றனரா, பள்ளியின் பெயர்ப்பலகையில் சாதிப் பெயர் ஒட்டியிருக்கிறதா எனத் தலைமையாசிரியரிடம் பணிவோடு கேட்டு எழுதிக்கொள்க. கயிறு கட்டிய சிறுவனைக் கண்டால் அடிக்கவோ இழிவுபடுத்தவோ வேண்டா. அவனைக் கொண்டே அதனை அவிழ்க்கச் செய்க. அவன் தந்தையின் கையிலும் ஒன்று இருக்குமாயின், மாலையில் அவ்வீட்டுக்கும் ஒருமுறை சென்று வருக.